பழைய டீசல் பிக்கப்: ஃபியூயல் சிஸ்டம் பழுது பார்ப்பதும் பாகம் மாற்றுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்கும் விதம்தான் மாறும். "பம்ப் போயிடுச்சாம்" என்று ஆரம்பிக்கும் பேச்சு ஒரு தளர்ந்த ஹோஸ் கிளிப்பில் போய் முடிவதும் வாடிக்கை. அதனால் கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டு, பதில்களை டேங்க் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். பழுது தேடும்போதும் அந்த வரிசையில்தான் போக வேண்டும். இங்கே வரும் எண்கள் பொதுவானவை. உங்கள் இன்ஜினின் சர்வீஸ் புத்தகம் வேறு எண் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1. டேங்க்ல இருந்து இன்ஜின் வரைக்கும் டீசல் எந்த வழியா போகுது? முதல்ல அதைச் சொல்லுங்க.

டேங்கின் அடியில் ஒரு வலை வடிகட்டி, அங்கிருந்து சேஸிஸ் ஓரமாக ஓடும் பைப், அப்புறம் ஃபீட் பம்ப், கையால் அடிக்கும் பிரைமர், தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தோடு ஃபில்டர். இதுவரை அழுத்தம் குறைந்த பகுதி. அடுத்து வரும் இன்ஜெக்ஷன் பம்ப், இரும்புப் பைப்புகள், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாம் அழுத்தம் மிகுந்த பகுதி. பீய்ச்சாமல் மிஞ்சும் டீசல் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்புகிறது.

எல்லா வண்டியிலும் தனி ஃபீட் பம்ப் இருக்காது. ரோட்டரி பம்ப் (வகைகள் 2-ல்) வைத்த பல வண்டிகளில் பம்புக்குள்ளேயே இருக்கும் சின்ன வேன் (சுழலும் தகடு) பம்ப்தான் டேங்கிலிருந்து டீசலை இழுக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் டேங்க் முதல் பம்ப் வரை முழுவதும் உறிஞ்சும் லைன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் பாதி மர்மம் விலகிவிடும்.

2. என் வண்டில இருக்கறது பழைய பம்பா, காமன் ரெயிலா? பார்த்து எப்படிச் சொல்றது?

பானெட்டைத் திறந்து இரும்புப் பைப்புகளைப் பாருங்கள். பம்பிலிருந்து ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித்தனிப் பைப் நேராகப் போனால் அது மெக்கானிக்கல் வகை. அதிலும் பைப்புகள் ஒரே வரிசையில் கிளம்பினால் லைன் பம்ப், வட்டமான தலையிலிருந்து கிளம்பினால் ரோட்டரி. பம்பிலிருந்து ஒரு தடித்த குழலுக்குப் போய், அங்கிருந்து இன்ஜெக்டர்களுக்குப் பிரிந்து, ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் ஒயர் சாக்கெட் இருந்தால் காமன் ரெயில்.

லைன் பம்பை பாஷ் நிறுவனம் 1927-லேயே தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்துவிட்டது. கார்களில் காமன் ரெயில் வந்தது 1997-ல். அதனால் "பழைய பிக்கப்" என்று சொல்லும்போது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். கீழே வரும் சில சோதனைகள் மெக்கானிக்கலுக்கு மட்டும்தான் பொருந்தும். பழைய நாசில்கள் (இன்ஜெக்டரின் பீய்ச்சும் முனைகள்) திறக்கும் அழுத்தம் 120 முதல் 250 பார் வரை. காமன் ரெயில் ஆயிரத்தைத் தாண்டும். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய அளவு புள்ளிதான் தெரியும், வலிகூட இருக்காது. ஆனாலும் அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய காயம். மெக்கானிக்கல் நாசிலின் பீய்ச்சலும் தோலைத் துளைக்கும். எந்த வகையானாலும் லீக் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

3. செல்ஃப் நல்லா அடிக்குது, ஸ்டார்ட் மட்டும் ஆகல. பம்ப் போச்சுன்னு சொல்றாங்க, நம்பலாமா?

உடனே நம்ப வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது ஒருவரை சைலன்சர் பக்கம் நிற்க வைத்துப் புகை வருகிறதா என்று பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியவில்லை என்று பொருள். அப்போது ஹீட்டர் பிளக் (குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்குவது), கம்ப்ரெஷன், டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்), செல்ஃப் சுற்றும் வேகம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 150, 200 சுற்றாவது வராவிட்டால் குறை பேட்டரியிலோ எர்த் ஒயரிலோ இருக்கலாம். புகையே இல்லை என்றால் டீசல் வரவில்லை.

டீசல் வரவில்லை என்றாலும் பம்ப் கடைசி சந்தேகமாகத்தான் இருக்க வேண்டும். டேங்கில் டீசல் இருக்கிறதா (முள் பொய் சொல்லும்), கட்-ஆஃப் சோலினாய்டுக்கு (பம்பில் டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) 12 வோல்ட் வருகிறதா, சாவி போட்டதும் அது 'டக்' என்கிறதா, பிரைமர் அடித்தால் கெட்டியாகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். இந்த நான்கையும் பார்க்காமல் பம்பைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கவே கூடாது. பிளக் சூட்டில் நேரம் கெட்டு வெடித்தால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்காது.

4. காலைல மட்டும் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்கணும். அப்புறம் நாள் பூரா ஒரே அடியில ஸ்டார்ட் ஆகுது.

காரணம் இரண்டில் ஒன்று. ஒன்று, இரவில் லைனுக்குள் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. இல்லையென்றால் ஹீட்டர் பிளக் வேலை செய்யவில்லை. பிரித்துப் பார்ப்பது சுலபம். காலையில் சாவியைத் தொடுவதற்கு முன் பிரைமரைக் கெட்டியாகும் வரை அடியுங்கள். அதன்பின் உடனே ஸ்டார்ட் ஆனால் டீசல் இறங்கிப்போவதுதான் காரணம். ஓர் இரவு வண்டியை மூக்கு சரிவின் கீழ்ப்பக்கம் பார்க்க நிறுத்தியும் சோதிக்கலாம். இன்ஜின் டேங்கைவிடத் தாழ்ந்திருக்கும்போது தொல்லை வரவில்லை என்றால் அதே முடிவுதான். பிரைமருக்குள் இருக்கும் ஒருவழி வால்வு தேய்ந்திருந்தாலும் இப்படி ஆகும்.

பிரைமர் அடித்தும் பலன் இல்லையென்றால் ஹீட்டர் பிளக்குகளின் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். நல்ல பிளக் ஒரு ஓம் பக்கமாகக் காட்டும். எதுவுமே காட்டாதது செத்துப்போன பிளக். பிளக்கெல்லாம் சரி என்றால் ரிலேயிலிருந்து கரண்ட் வருகிறதா என்று பாருங்கள்.

5. ஏர் புடிக்குதுன்னு தெரியுது, எங்கேன்னு தெரியல. வெளிய ஒரு சொட்டு கூட ஒழுகல.

ஒழுகாததில் ஆச்சரியம் இல்லை. முதல் கேள்வியில் சொன்னது போல அது உறிஞ்சும் லைன். விரிசல் விட்ட ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கும்போது காற்றுதான் உள்ளே வரும், இளநீர் வெளியே வராது. பம்பின் நுழைவாயிலுக்கு முன்னால் டீசல் தாங்கும் ஒளி ஊடுருவும் டியூப் ஒரு துண்டு மாட்டி இன்ஜினை ஓடவிடுங்கள். குமிழி ஓடினால் காற்று அதற்குப் பின்னால், டேங்க் பக்கம் எங்கேயோ புகுகிறது.

இடத்தைப் பிடிக்க நான் எப்போதும் சொல்வது கேன் சோதனை. ஒரு சுத்தமான கேனில் டீசல் எடுத்து, பம்ப் மட்டத்துக்கு மேலே பத்திரமாக வைத்து, புது ஹோஸால் நேராகப் பம்புக்குக் கொடுங்கள். ரிட்டர்னையும் அதே கேனில் விடுங்கள். வண்டி ஒழுங்காக ஓடினால் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் பழியில்லை. அடுத்து ஃபில்டரைச் சேர்த்துப் பாருங்கள், பிறகு ஃபீட் பம்பை, பிறகு சேஸிஸ் பைப்பை. எதைச் சேர்த்ததும் குமிழி வருகிறதோ, குற்றவாளி அதுதான். கேனுக்குத் துத்தநாகம் பூசிய தகரம் வேண்டாம், டீசலைக் கெடுக்கும். பிளாஸ்டிக் கேன் போதும்.

பெரும்பாலும் மாட்டுபவை இவைதான்: காய்ந்துபோன ரப்பர் ஹோஸ், ஃபில்டர் தலையின் ஓ-ரிங், பிரைமரின் டயாஃபிரம், தண்ணீர் வடிக்கும் திருகின் வாஷர், கிளாம்புக்குக் கீழே துருவேறிய சேஸிஸ் பைப். ரிட்டர்ன் லைனும் உண்டு, அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

6. ஏர் எடுக்கறது எப்படி? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி சொல்றாங்க.

மெக்கானிக்கல் பம்ப் என்றால், முதலில் ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று சுத்தமான டீசல் வரும்வரை பிரைமர் அடித்து, அடித்துக்கொண்டே இறுக்குங்கள். அடுத்து பம்பில் உள்ள ஏர் ஸ்க்ரூவிலும் அதையே செய்யுங்கள். அதன்பிறகும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் இரண்டு இன்ஜெக்டர்களின் பைப் நட்டை ஒரு சுற்று தளர்த்தி, மேலே துணி போட்டு, செல்ஃப் அடியுங்கள். டீசல் துள்ளி வந்ததும் இறுக்கிவிடலாம். செல்ஃபை ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். நடுவில் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள்.

காமன் ரெயிலில் பிரைமர் அடிப்பதோடு நிறுத்துங்கள். எலக்ட்ரிக் பம்ப் இருந்தால் சாவியைப் பல தடவை போட்டு எடுங்கள். அழுத்தம் மிகுந்த பைப்பின் நட்டில் ஸ்பேனரே படக்கூடாது. காரணம் 2-ல் இருக்கிறது.

7. ஃபில்டர் மாத்தினதுக்கு அப்புறம்தான் தொல்லையே ஆரம்பிச்சுது. புது ஃபில்டர்ல டீசல் ஊத்தி மாட்டணுமா, காலியாவா?

மாற்றிய கையோடு தொல்லை வந்தால் பழைய ஓ-ரிங் தலையிலேயே ஒட்டிக்கொண்டு, புதியது அதன்மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இப்படி அடிக்கடி நடக்கும். அளவு மாறிய ஃபில்டர், தண்ணீர் சென்சரின் வாஷரை விட்டது ஆகியவை அடுத்த சந்தேகங்கள்.

பழைய மெக்கானிக்கல் சிஸ்டத்தில் சுத்தமான டீசல் ஊற்றி மாட்டுவது வழக்கம், பெரிதாகக் கெடுதல் இல்லை. ஆனால் நடு ஓட்டையில் ஊற்றக் கூடாது, அது வடிகட்டிய டீசல் வெளியேறும் பக்கம். ஓரத்துச் சின்ன ஓட்டைகளில் மெதுவாக ஊற்றுங்கள். காமன் ரெயிலில் காலியாக மாட்டிப் பிரைமர் அடிப்பதே சரி. அங்கே பம்பின் உள் இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான்தான். கேனில் இருக்கும் தூசி ஒன்று போதும்.

8. தண்ணி விளக்கு எரியுது. வடிச்சா போதுமா?

ஒரு தடவை எரிந்து, வடித்ததும் அணைந்தால் போதும். வாரா வாரம் எரிந்தால் டேங்கில் தண்ணீர் நிற்கிறது. டேங்கைப் பாதி காலியாக வைத்திருந்தால் உள்ளே காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து படியும். கழுவும்போது மூடி வழியாகவும் இறங்கலாம்.

வடித்ததில் கருப்பாகக் கொழகொழப்பாக எதுவும் வந்தால் அது நுண்ணுயிர். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும். மருந்து ஊற்றிக் கொன்றாலும் செத்த குப்பை ஃபில்டரைத்தான் அடைக்கும். டேங்கை இறக்கிக் கழுவி, ஃபில்டர் மாற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி மறுபடியும் ஃபில்டர் மாற்ற வேண்டும்.

9. சமதளத்துல ஓடுது, மேடு ஏறும்போது இழுவையே இல்ல. நாசில் அடைப்பா?

மறுபடியும் புகையைப் பாருங்கள். இழுவை இல்லாமல் கரும்புகை கக்கினால் டீசல் போதுமானது வருகிறது, காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரையும் டர்போ ஹோஸையும் பாருங்கள். இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் டீசல் பட்டினி.

பட்டினிக்குச் செலவில்லாத சோதனை டேங்க் மூடி. மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வர மறுக்கும். இழுவை குறைந்ததும் நிறுத்தி மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் விடை கிடைத்துவிட்டது. அது இல்லையென்றால் ஃபில்டர், டேங்க் வலை, ஹோஸ் என்ற வரிசையில் போங்கள். வெளியே பார்க்கப் புதிதாக இருக்கும் ஹோஸ்கூட உள் அடுக்கு உரிந்து, உறிஞ்சும்போது மூடிக்கொள்வதுண்டு. இன்ஜின் ஓடும்போது கையால் பிடித்துப் பார்த்தால் ஒட்டுவது தெரியும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு வேக்குவம் கேஜ் மாட்டினால் ஊகத்துக்கே வேலையில்லை.

10. ஃபீட் பம்ப் போயிருக்குன்னு எப்படி உறுதி பண்றது? இன்ஜின் ஆயில் அளவு வேற ஏறுது.

ஃபீட் பம்பின் வெளியேறும் பைப்பைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு, இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி சோலினாய்டு ஒயரைக் கழற்றிவிட்டு, செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டு, ஆனால் அழுத்தமாகத் துள்ளி வர வேண்டும். சொட்டினாலோ நுரைத்தாலோ கேனிலிருந்து நேராகக் கொடுத்து மறுபடி பாருங்கள். கேனிலிருந்தும் சொட்டினால் ஃபீட் பம்பை மாற்றலாம்.

ஆயில் அளவு ஏறுவது அவசரமான விஷயம். இன்ஜின் கேம் ஷாஃப்டால் ஓடும் ஃபீட் பம்பின் டயாஃபிரம் கிழிந்தால் டீசல் நேராகச் சம்புக்குள் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்கும். இன்ஜெக்ஷன் பம்பின் ஷாஃப்ட் சீல் போனாலும் இதே கதி. டிப் ஸ்டிக்கை முகர்ந்து டீசல் வாடை வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். நீர்த்த ஆயிலில் பேரிங் போய்விடும். பழுதைச் சரிசெய்து, ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

11. ஒரு சிலிண்டர் மிஸ் ஆகுது. எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மெக்கானிக்கல் இன்ஜினில் ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டாக, துணி போர்த்தி, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, கொஞ்சம் தளர்த்துங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் இன்ஜின் சத்தம் மாறித் தடுமாறும். எதைத் தளர்த்தினால் மாற்றமே இல்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர்.

உடனே அந்த இன்ஜெக்டரை வாங்கப் போகவேண்டாம். அதைப் பக்கத்துச் சிலிண்டரோடு இடம் மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங் கூடவே இடம் மாறினால் இன்ஜெக்டர் கோளாறு. அதே சிலிண்டரில் நின்றால் கம்ப்ரெஷன், வால்வு, அல்லது பம்பின் அந்த லைன். காமன் ரெயிலில் இந்த நட்டு வித்தை கூடாது. ஸ்கேனரில் சிலிண்டர் திருத்த அளவுகளைப் பார்க்கலாம், இல்லையென்றால் 17-ல் வரும் ரிட்டர்ன் சோதனை.

12. டக் டக்னு நாக்கிங் சத்தம். நாசில்தானா?

இருக்கலாம். திறந்தபடி மாட்டிக்கொண்ட நாசில் கணீரென்று தட்டும் சத்தம் கொடுக்கும், கூடவே கரும்புகையும் வரும். பைப் நட்டைத் தளர்த்தியதும் அந்தச் சத்தம் நின்றால் அந்த இன்ஜெக்டர்தான். எதைத் தளர்த்தியும் நிற்காமல் எல்லாச் சிலிண்டரிலும் ஒரே மாதிரி கேட்டால் டைமிங் முன்னால் போயிருக்கலாம், அல்லது டீசலில் காற்று. டைமிங்கைத் தொடுவதற்கு முன் 5-ல் சொன்ன குமிழியைப் பாருங்கள். நாசிலை மாட்டிக்கொண்ட நிலையிலேயே விட்டுவிடாதீர்கள், பிஸ்டன் தலையை ஓட்டை போட்டுவிடும்.

13. ஒண்ணு கெட்டா நாலு இன்ஜெக்டரையும் மாத்தணுமா?

நான்கையும் கழற்றி டெஸ்ட் செய்யுங்கள். நான்கையும் வாங்குவதா என்பதை அதன்பிறகு முடிவெடுக்கலாம். டெஸ்ட் மேடையில் நான்கு விஷயம் பார்க்கிறார்கள்: எந்த அழுத்தத்தில் திறக்கிறது, பூத்தூறலாக வருகிறதா தாரையாக வருகிறதா, அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே பத்து விநாடி பிடித்தால் முனையில் சொட்டுகிறதா, பின்பக்கம் எவ்வளவு ரிட்டர்ன் போகிறது. உடம்பு நன்றாக இருந்தால் நாசில் முனை மட்டும் மாற்றி, ஷிம் வைத்து அழுத்தம் சரிசெய்தால் போதும்.

நாசில் முனை மாற்றும்போது மட்டும் நான்கையும் சேர்த்து மாற்றுவதே என் கட்சி. ஒன்று புதிது, மூன்று தேய்ந்தது என்றால் ஐட்லிங் சமப்படாது. ஊசியையும் உறையையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அவை ஜோடியாகத் தேய்த்துச் செய்யப்பட்டவை.

14. காப்பர் வாஷர் பழசு நல்லாத்தான் இருக்கு. அதையே திருப்பிப் போடலாமா?

கூடாது. ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுபடி நசுங்கி அடைக்காது. கம்ப்ரெஷன் வாயு மேலே ஏறி, இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போல் கெட்டியாகக் கட்டிக்கொள்ளும். அடுத்த தடவை இன்ஜெக்டரைக் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பழைய வாஷர் குழிக்குள்ளேயே தங்கியிருக்கும், டார்ச் அடித்துப் பார்த்து எடுங்கள். இரண்டு வாஷர் அடுக்கினால் நாசில் முனை மேலே ஏறி, தூறல் தப்பான இடத்தில் விழும். உட்காரும் இடத்தில் கரி இருந்தால் அதற்கான ரீமரால் கையால் சுற்றிச் சுத்தம் செய்யுங்கள். துவாரத்தில் கிரீஸ் தடவிய துணி அடைத்துக்கொண்டால் தூள் சிலிண்டருக்குள் விழாது. திருகி மாட்டும் வகை இன்ஜெக்டர்களுக்குப் பல பழைய இன்ஜின்களில் 60, 70 நியூட்டன் மீட்டர் டார்க் வரும். கிளாம்ப் வகைக்கு இது பொருந்தாது, புத்தகம் பாருங்கள்.

15. ரிட்டர்ன் பைப்ல லேசா கசிவு. அது திரும்பிப் போற டீசல்தானே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடுவதால்தான் பலர் பம்ப் வரை போய்விடுகிறார்கள். ஓடும்போது டீசல் கசியும் அதே விரிசல், நின்றதும் காற்றை உள்ளே விடும். 4-ல் சொன்ன காலைத் தொல்லைக்கு இதுவும் ஒரு காரணம். இன்ஜெக்டர்களுக்கு நடுவே வரும் துணி சுற்றிய மெல்லிய ஹோஸை மொத்தமாக மாற்றுங்கள். உள்விட்டம் 3.2, 3.5 மில்லிமீட்டர் என்று அளவுகள் உண்டு. தளர்வாக இருப்பதைக் கிளிப் போட்டு இறுக்கிச் சமாளிக்காதீர்கள். கடைசி இன்ஜெக்டரின் முனையில் இருக்கும் மூடித் தொப்பியையும் மறக்காமல் மாற்றுங்கள்.

ரோட்டரி பம்பில் இன்னொரு பொறி இருக்கிறது. ரிட்டர்ன் பக்கத்துப் பான்ஜோ போல்டுக்குள் (டீசல் உள்ளே ஓடும் குழல் போல்ட்) ஊசித் துவாரம் உண்டு. பம்பின் உள் அழுத்தம் அதை நம்பித்தான் நிற்கிறது. நுழைவுப் பக்கத்துப் போல்ட் பார்க்க அப்படியே இருக்கும். இரண்டும் இடம் மாறினால் இழுவை, டைமிங் எல்லாம் கெடும், காரணமும் லேசில் பிடிபடாது.

16. சூடானா ஸ்டார்ட் ஆகல, ஆறினா ஆகுது. இப்பவாவது பம்ப்னு சொல்லலாமா?

சொல்லலாம், ஒரு சோதனைக்குப் பிறகு. ரோட்டரி பம்பின் தலை உள்ளே தேய்ந்திருந்தால், சூட்டில் நீர்த்த டீசல் அந்த இடைவெளி வழியே நழுவி, செல்ஃப் வேகத்தில் அழுத்தம் ஏறாது. இன்ஜின் நின்றிருக்கும்போது பம்பின் மேல் ஈரத்துணி போட்டு ஆறவிடுங்கள். பம்ப் மட்டும் குளிர்ந்ததும் ஸ்டார்ட் ஆனால் தலை தேய்ந்துவிட்டது. ஓடும்போது தண்ணீர் ஊற்றாதீர்கள், பம்ப் பிடித்துக்கொள்ளும். சூட்டில் சோலினாய்டு கைவிடுவதும், செல்ஃப் மெதுவாகச் சுற்றுவதும் இதே அறிகுறியைக் காட்டும். ஈரத்துணிக்கு முன் அவற்றைத் தீர்த்துவிடுங்கள்.

17. காமன் ரெயில் வண்டி. ரெயில் பிரஷர் ஏறலன்னு ஸ்கேனர் சொல்லுது. பம்பா, இன்ஜெக்டரா?

முதலில் ஃபில்டரையும் அழுத்தம் குறைந்த பகுதியையும் பாருங்கள். அதன்பின் ரிட்டர்ன் சோதனை: ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் தனித்தனி அளவுக் குழாயில் விட்டு, ஒரே நேரம் ஓடவிட்டு ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு நிரம்பினால் அழுத்தம் அதன் வழியாகத்தான் ஓடுகிறது. ஸ்டார்ட்டே ஆகாத வண்டியில் செல்ஃப் அடித்தே இதைப் பார்க்கலாம். பல சிஸ்டங்கள் 150 முதல் 250 பார் வரை ஏறாமல் இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. நான்கிலும் ரிட்டர்ன் குறைவு என்றால் பம்பின் அளவு வால்வு, ரெயிலின் பிரஷர் வால்வு, அதற்குப் பின்னரே பம்ப்.

இன்ஜெக்டர் மாற்றினால் அதன் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டை ஈ.சி.யு-வில் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) ஏற்ற வேண்டிய வண்டிகள் பல. மாட்டுவதற்கு முன்பே எழுதி வையுங்கள், மாட்டியபின் தெரியாது. கழற்றிய ஹை பிரஷர் பைப்பைத் திரும்பப் போடக்கூடாது என்று சில தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஃபில்டரில் உலோக மினுமினுப்பு இருந்தால் பம்ப் உள்ளே தேய்ந்து தூள் எல்லா இடமும் போய்விட்டது என்று பொருள். அப்போது பம்பை மட்டும் மாற்றினால் புதுப் பம்பும் போகும். இன்ஜெக்டர், ரெயில், பைப், டேங்க் சுத்தம் எல்லாம் சேர்ந்த பெரிய வேலை அது. வண்டி அதற்குப் பெறுமா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம்.

18. பம்ப் உடம்புல டீசல் கசியுது. சீல் கிட் வாங்கி நானே போடலாமா?

எங்கே கசிகிறது என்பதைப் பொறுத்தது. மேல் மூடி, சோலினாய்டு ஓ-ரிங், பான்ஜோ வாஷர் என்றால் கை சுத்தமாக இருந்தால் போடலாம். ஆனால் ரோட்டரி பம்பின் மேல் மூடியைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் கோடு கீறிக்கொள்ளுங்கள். கவர்னர் நெம்புகோல் அதில்தான் தொங்குகிறது. ஷாஃப்ட் சீல், தலை ஓ-ரிங், லைன் பம்பின் எலிமெண்ட் ஆகியவை பம்பை டெஸ்ட் மேடையில் ஏற்றி அளவு பிடிக்கிறவர் வேலை.

பழைய நைட்ரைல் சீல்கள் கந்தகம் குறைந்த இன்றைய டீசலுக்கு மாறும்போது சுருங்கிக் கசிவதுண்டு. புதிது போடும்போது விட்டான் ரப்பர் கேட்டு வாங்குங்கள்.

19. பம்பைக் கழட்டி மாட்டினா டைமிங் போயிடும்னு பயமா இருக்கு.

பயம் நியாயம்தான். கழற்றும் முன் முதல் சிலிண்டரை டி.டி.சி-க்குக் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) கொண்டுவந்து, டைமிங் குறிகளைப் பொருத்தி, பம்ப் ஃபிளாஞ்சுக்கும் இன்ஜினுக்கும் நடுவே மெல்லிய கோடு ஒன்று கீறுங்கள். பம்ப் வெளியே இருக்கும்போது கிராங்கைச் சுற்றாதீர்கள். கியரை ஷாஃப்டிலிருந்து எடுக்கப் புல்லர் பயன்படுத்துங்கள், சுத்தியல் வேண்டாம். திறந்த ஒவ்வொரு வாயிலையும் உடனே மூடுங்கள். அழுக்குத் துணியால் அடைத்தால் அதன் நூலே நாசிலை அடைக்கும்.

பழைய பம்பையே அதே கோட்டில் மாட்டினால் கிட்டத்தட்டச் சரியாக வரும். வேறு பம்ப் என்றால் கோட்டை நம்பக் கூடாது. டயல் கேஜ் வைத்து பிளஞ்சர் எழும்பும் அளவைப் புத்தகப்படி பிடிக்க வேண்டும்.

20. சாவியை அணைச்சாலும் இன்ஜின் நிக்கல. ஒரு தடவை ரேஸ் தானாவே ஏறிடுச்சு.

இரண்டும் வேறு வேறு. சாவி எடுத்தும் சாதாரண ஐட்லிங்கில் ஓடினால் சோலினாய்டின் உள்முனை மாட்டிக்கொண்டிருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்யலாம், மாற்றுவது இன்னும் நல்லது. ரேஸ் தானாக ஏறினால் பம்பின் ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) மாட்டியிருக்கலாம், அல்லது 10-ல் சொன்னபடி நிரம்பிய சம்பிலிருந்தோ தேய்ந்த டர்போவிலிருந்தோ ஆயில் உள்ளே போய் எரிகிறது. அப்போது சாவிக்கு வேலையே இல்லை. கியர் வண்டியில் டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்து, கிளட்சை விட்டு இன்ஜினை அடக்குங்கள். காற்று நுழையும் வாயைப் பலகையால் மூடலாம், கையால் கூடாது. இரண்டும் முடியாவிட்டால் எல்லோரையும் விலக்கிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

21. டீசல் வண்டில பெட்ரோல் போட்டுட்டாங்க. கொஞ்சம்தான்.

சாவியைப் போடவே போடாதீர்கள். எலக்ட்ரிக் பம்ப் அதை லைனுக்கு ஏற்றிவிடும். டேங்கை வடித்து, ஃபில்டர் மாற்றி, புது டீசல் போட்டு ஏர் எடுங்கள். பம்புக்கு உயவே டீசல்தான்; பெட்ரோல் அதைக் கெடுக்கும். பழைய லைன் பம்ப் கொஞ்சம் பொறுக்கும், காமன் ரெயில் பொறுக்காது.

22. பம்ப், நாசில், ஃபில்டர், ஹோஸ் எல்லாம் மாத்தியாச்சு. இன்னும் அதே தொல்லை.

அப்படியானால் ஃபியூயல் சிஸ்டத்தை விட்டு வெளியே வாருங்கள். கம்ப்ரெஷன் எடுங்கள்; தேய்ந்த இன்ஜின் காலையில் வெள்ளைப் புகையும் ஸ்டார்ட் தொல்லையும் தரும், நாசிலைக் குறை சொல்ல வைக்கும். வால்வு இடைவெளி, ஒரு பல் தாண்டிய டைமிங் பெல்ட், அடைத்த சைலன்சர், திறந்தபடி மாட்டிய ஈ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது) ஆகியவற்றையும் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் சரியில்லை.

இவையும் சரி என்றால், புதிதாகப் போட்ட பாகங்களையே சந்தேகப்படுங்கள். புது பிரைமரில் ஏர் லீக் இருப்பதும் உண்டு. கேனை எடுத்து 5-ல் சொன்ன சோதனையை, மாற்றிய எதையும் நம்பாமல், முதலிலிருந்து போடுங்கள்.